சீருடையும் நடுகல்லும்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில், பாச்சலூரில் ஆற்றிய உரை)

 

பத்தாண்டுகளாகக் கவிதையும் கதையும் பேசப்பட்டு வந்த இந்த அவையில், இன்று படைவீரரின் பழஞ்சட்டையைப் பற்றிப் பேச எழுந்திருக்கிறேன். அழைப்பிதழில் 'சீருடையும் நினைவுப் பொருளும் சேகரித்தல்' என்னும் தலைப்பைக் கண்ட நண்பர் சிலர், இதற்கும் இலக்கியத்திற்கும் என்ன உறவு என்று கேட்டனர். உறவு உண்டு. அகத்தைப் பாடியதுபோலவே புறத்தையும் பாடிய மொழி நம்முடையது. களத்தில் விழுந்தவனுக்குக் கல் நடுவதைக்கூட இலக்கணத்தில் வகுத்து வைத்தவர் தொல்காப்பியர். காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுகல், பெரும்படை, வாழ்த்து என்று அதற்கு ஆறு நிலைகள். தகுந்த கல்லைத் தேடிக் காண்பது முதல் நிலை. வாழ்த்திப் பாடுவது ஆறாம் நிலை. இந்த வரிசையை மனத்தில் வைத்துக்கொள்ளுமாறு வேண்டுகிறேன்.

நாம் கூடியிருக்கும் இந்த மலைத்தொடரிலிருந்தே தொடங்குகிறேன். பழனி மலைகளில் பெருங்கற்காலத்துக் கற்திட்டைகள் நிறைய உண்டு என்பது உங்களுக்குத் தெரியும். ஏசு சபைத் துறவியரான ஆங்கிலேடும் நியூட்டனும் அவற்றை ஆராய்ந்து எழுதிய நூலைத் தொல்பொருள் ஆய்வுத் துறை 1928-இல் வெளியிட்டது. பலகை பலகையாகப் பெருங்கற்களை நிறுத்தி, மேலே மூடுகல் ஏற்றி, எத்தனையோ பேருடைய உழைப்பில் எழுந்தவை அவை. ஆனால் யாருக்காக எழுப்பினார்கள்? ஒரு பெயர்கூட நம்மிடம் இல்லை. பெயர் தெரியாத காரணத்தால்தான் மக்கள் அவற்றைக் குள்ளர் வீடு என்றும் பாண்டவர் வீடு என்றும் சொல்லத் தொடங்கினர்.

இந்த மலையை விட்டு இறங்கினால் தேனி மாவட்டம். அங்கே ஆண்டிபட்டிப் பக்கத்துப் புலிமான்கோம்பையில் 2006-ஆம் ஆண்டு, தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் தமிழ் பிராமி எழுத்துப் பொறித்த நடுகற்களைக் கண்டெடுத்தனர். கற்திட்டையோடு ஒப்பிட்டால் சிறிய கற்கள்தாம். ஆயினும் அவற்றுள் ஒன்றில் கூடல் என்னும் ஊரில் நடந்த ஆகோள் பூசலும், அதில் மாண்ட அந்தவன் என்பவன் பெயரும் இருக்கின்றன. ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன் மாட்டுக்காக நடந்த சண்டையில் செத்த ஒரு மனிதனை இன்று நாம் பெயர் சொல்லி அழைக்கிறோம். பெரிய கல் மறந்து போன ஒன்றைச் சின்னக் கல் காப்பாற்றி வைத்திருக்கிறது. நான் இன்று சொல்ல வந்ததன் சாரம் இதுதான். இதனை நம் காலத்துப் பொருள்களில் வைத்துப் பார்க்கலாம்.

அமெரிக்காவில் தம் நாட்டுக் காலாட்படைப் பிரிவுகளின் சீருடைகளைச் சேகரிப்போர் பல்லாயிரவர். அவர்களுள் பலர் எல்லாவற்றையும் வாங்கிக் குவிப்பதில்லை. ஒரே ஒரு டிவிஷனை எடுத்துக்கொண்டு வாழ்நாள் முழுவதும் அதையே தேடுகிறார்கள். சான்றாக 34-ஆம் காலாட்படை டிவிஷனைச் சொல்கிறேன். அயோவா, மின்னசோட்டா முதலிய உழவர் மாநிலங்களிலிருந்து திரண்ட படை அது. அதன் தோள் சின்னம் கரிய பானை வடிவம். அதன்மேல் சிவந்த காளை மண்டையோடு. 1917-இல் நியூ மெக்சிகோ பாலைநிலத்துப் பாசறையில் இருந்தபோது மார்வின் கோன் என்னும் ஓவியர் வரைந்தது. அந்நிலத்து மக்களின் தண்ணீர்ப் பானையும், மணலில் வெளுத்துக் கிடந்த மாட்டுத் தலையும் அவருக்குக் கருவாயின.

இவ்வளவு படைகள் இருக்க இந்தப் படையை நான் எடுத்ததற்குக் காரணம் உண்டு. 1944 பிப்ரவரியில் இத்தாலியின் கசீனோ மலையில், பனியிலும் மழையிலும் பல நாள் போராடிக் களைத்திருந்த 34-ஆம் டிவிஷனை விடுவித்து, அதன் இடத்தில் வந்து நின்றது இந்தியாவின் 4-ஆம் காலாட்படை டிவிஷன். குளிரில் விறைத்து நடக்க முடியாமற் போன அமெரிக்கரைத் தூக்குக் கட்டிலில் இறக்க வேண்டியிருந்தது. வந்தவர்களின் தோளில் சிவப்புக் கழுகு. இன்றைய இந்தியப் படையின் 4-ஆம் டிவிஷனும் அதே கழுகைத்தான் அணிகிறது. அந்தக் கழுகுப் படையில் மதராஸ் சாப்பர்ஸ் என்னும் பொறியாளர் படையின் கம்பெனிகள் இருந்தன. பாலம் கட்டுவதும், பாதை வெட்டுவதும், கண்ணிவெடி அகற்றுவதும் அவர்கள் வேலை. இந்தியப் படை முழுவதிலும் அவர்களைத் 'தம்பி' என்றே அழைப்பது வழக்கம். அவர்களுள் ஒருவரான சுபேதார் சுப்பிரமணியன், 1944 பிப்ரவரி 24 அன்று மிஞ்ஞானோ என்னும் ஊருக்கு அருகில் வெடிக்க இருந்த கண்ணிவெடியின் மீது பாய்ந்து, அதைத் தம் உடலால் மூடி, உடனிருந்தோரைக் காத்து மாண்டார். அவருக்கு ஜார்ஜ் சிலுவை விருது வழங்கப்பட்டது. ஆக, காளைச் சின்னமும் கழுகுச் சின்னமும் ஒரே மலையில், ஒரே மாதத்தில், ஒரே சேற்றில் நின்றவை. அதன்பின் அவற்றின் கதை வேறு வேறானது.

காளைச் சின்னம் தைத்த சட்டை ஒன்று கையில் கிடைத்தால் அமெரிக்கச் சேகரிப்பாளர் என்ன செய்கிறார்? முதலில் கழுத்துப் பட்டையின் உட்புறத்தைப் பார்க்கிறார். சலவைக்குப் போன துணி மாறிவிடாதிருக்க, வீரனின் குடும்பப் பெயரின் முதல் எழுத்தையும் அவனது படை எண்ணின் கடைசி நான்கு இலக்கங்களையும் அங்கே முத்திரையிடுவது அக்காலத்து வழக்கம். அடுத்து, பையினுள் தைத்த சீட்டில் துணி தைக்க ஒப்பந்தம் செய்த ஆண்டைப் பார்க்கிறார். சின்னத்தின் ஓரத் தையலைப் பார்க்கிறார். கனமாக மடித்துச் சுற்றிய ஓரம் பிற்காலத்தது. இருட்டறையில் புறஊதா விளக்கைக் காட்டுகிறார்; பிற்கால நூலானால் பளீரென்று ஒளிரும். போலிகள் மலிந்த சந்தையில் இவையெல்லாம் தேவையாகின்றன. சட்டையை அவர் துவைப்பதில்லை. கறையும் ஒரு சான்று. பதக்கத்தைத் தேய்த்துப் பளபளப்பாக்குவதும் இல்லை. இவ்வளவும் செய்து அவர் தேடுவது ஒன்றைத்தான்: இது யாருடைய சட்டை? பெயர் கிடைத்துவிட்டால் அதுவரை வெறும் துணியாய் இருந்தது ஒருவன் வாழ்ந்ததற்குச் சாட்சியாகிறது.

இதனைப் பொழுதுபோக்கு என்று தள்ளிவிட முடியாதபடி ஒரு நிகழ்ச்சி நடந்தது. 1973 ஜூலை 12 அன்று செயின்ட் லூயி நகரில் இருந்த படைப் பணி ஆவணக் காப்பகத்தில் தீப்பிடித்தது. ஒரு கோடியே அறுபது லட்சத்துக்கும் மேற்பட்ட கோப்புகள் அழிந்தன. 1912 முதல் 1960 வரை தரைப்படையிலிருந்து விலகியோரின் ஆவணங்களில் நூற்றுக்கு எண்பது பங்கு சாம்பலாயிற்று. அதன்பின், தாத்தா எந்தப் படையில், எங்கே இருந்தார் என்று தேடிய பேரப்பிள்ளைகளுக்கு வீட்டுப் பெட்டியில் இருந்த சட்டையும் கடிதமும் பதக்கமும் துணை நின்றன. தாள் எரிந்த இடத்தில் துணி பேசியது.

இனி நம் பக்கம் வருவோம். சென்னைக் கோட்டை அருங்காட்சியகத்தில் பழைய சீருடைகளும் பதக்கங்களும் உண்டு. 1758 முதல் தன் வரலாற்றைக் கணக்கிடும் மதராஸ் ரெஜிமெண்டின் மையம் நீலகிரி வெலிங்டனில் இருக்கிறது. சாப்பர்ஸ் மையம் பெங்களூரில் இருக்கிறது. இவையெல்லாம் படைகள் தம் நினைவைக் காக்கும் இடங்கள். வீட்டின் நினைவை, ஊரின் நினைவை யார் காத்தார்கள்?

முதல் உலகப் போருக்குப் பின் இந்தியாவின் பல ஊர்களில், தமிழகத்துச் சில ஊர்களிலும், சலவைக்கல் பலகைகள் பதிக்கப்பட்டன. இவ்வூரிலிருந்து போருக்குச் சென்றோர் இத்தனை பேர், உயிர் நீத்தோர் இத்தனை பேர் என்பதே அவற்றின் வாசகம். எண்ணிக்கை இருக்கிறது, பெயர் இல்லை. நடுகல் நாட்டில் பெயரில்லாக் கல் நட்டுவிட்டுப் போனது வெள்ளை அரசு. ஆனால் அதே அரசு, அதே போருக்குக் கொடுத்த வெள்ளிப் பதக்கத்தின் விளிம்பில் வீரனின் எண்ணையும் பெயரையும் படையையும் பொறித்துத்தான் கொடுத்தது. தொழிலாளர் படையில் மண் சுமந்தவர்களுக்கு அதே பதக்கம் வெண்கலத்தில் வந்தது. உலோகத்திலும் வருணம் இருந்தது. ஊர்க்கல்லில் இல்லாத பெயர் இந்தப் பதக்கத்தின் விளிம்பில் இருக்கிறது. அதை உருக்கினால் கிடைப்பது சிறிது வெள்ளி. போவது ஒரு நடுகல். 1980-ஐ ஒட்டி வெள்ளி விலை ஏறியபோது இங்கிலாந்திலேயே இப்பதக்கங்கள் ஏராளமாக உருகிப் போயின என்றால், தங்கம் வெள்ளியை அடகுக்கடையில் வைத்துப் பழகிய நம் வீடுகளைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இரண்டாம் உலகப் போரில் நம் நாட்டிலும் பர்மாவிலும் சீனத்திலும் பணியாற்றிய அமெரிக்கர், ஒரு கேடயச் சின்னம் அணிந்தனர். சிவப்பு வெள்ளைப் பட்டைகள், மேலே சீனச் சூரியன், இந்திய விண்மீன். கல்கத்தா, தில்லி போன்ற நகரங்களின் தையற்காரர்கள் அதை வெள்ளிச் சரிகையாலும் தோலாலும் கைவேலையாகச் செய்து கொடுத்தனர். இன்று அமெரிக்கச் சேகரிப்பாளர்கள், ஆலையில் நெய்ததைவிட நம்மவர் கைபட்ட சின்னத்தையே விரும்பித் தேடுகிறார்கள். அணிந்தவன் பெயர் சில வேளை கிடைக்கிறது. தைத்தவன் பெயர் கிடைப்பதே இல்லை.

இங்கே ஒரு மறுப்பு எழும். வெள்ளைக்காரனுக்காகத் துப்பாக்கி தூக்கியவனை நாம் ஏன் போற்ற வேண்டும்? போரையே வெறுக்கும் கவிஞர்கள் சீருடையை ஏன் காக்க வேண்டும்? நியாயமான கேள்விகள். மதராஸ் வீரரைத் தாழ்வாக மதித்த ராபர்ட்ஸ் போன்ற தளபதிகளின் கொள்கையால் தமிழர்க்குப் படையின் கதவு பல ஆண்டுகள் சாத்தப்பட்டது. மதராஸ் காலாட்படைகள் 1920-களில் கலைக்கப்பட்டு, ஆள் தேவைப்பட்ட 1941-இல்தான் மீண்டும் எழுந்தன. அந்த நாளில் வரிசையில் போய் நின்றவர்களுள் கொள்கைக்காகப் போனவர் குறைவு. வயிற்றுக்காகப் போனவர் மிகுதி. அதே காலத்தில் மலேயாவிலும் பர்மாவிலும் தோட்டத்தில் பால்வெட்டிய தமிழர் நேதாஜியின் படையில் சேர்ந்தனர். இருவரும் எதிரெதிர் அணி. நம் முன்னோர் இதற்கு விடை சொல்லியிருக்கிறார்கள். ஆநிரை கவர்ந்த வெட்சியானுக்கும் கல் நட்டார்கள். மீட்கப் போன கரந்தையானுக்கும் கல் நட்டார்கள். வழக்கைத் தீர்த்துவிட்டுத்தான் கல் நடுவோம் என்று காத்திருக்கவில்லை. பெயரைக் காப்பது வேறு, போரைப் புகழ்வது வேறு. பசியால் போனான் என்று எழுத வேண்டுமானாலும் போனவன் பெயர் தெரிந்திருக்க வேண்டும்.

காலம் மிகக் குறைவு. 1945-இல் பதினெட்டு வயதாயிருந்த ஒருவருக்கு 2025-இல் தொண்ணூற்றெட்டு. சொல்லக்கூடியவர்கள் அநேகமாகப் போய்விட்டார்கள். சொல்லக் கேட்ட மக்கள் முதுமை எய்திவிட்டார்கள். நம் ஊர்களில் 'பட்டாளத்தார் வீடு' என்று பெயர் பெற்ற வீடுகள் உண்டு. பரணில் ஒரு டிரங்குப் பெட்டி இருக்கும். பழுத்த கம்பளி, தண்ணீர்க் குடுவை, சம்பளப் புத்தகம், டிஸ்சார்ஜ் சான்றிதழ், நாடா இற்றுப்போன பதக்கம். வீட்டை இடித்துக் கட்டும் நாளில் அது பழைய இரும்புக் கடைக்குப் போகும். இன்னொரு வழியாக, விவரம் அறிந்த வியாபாரி கைக்குப் போகும். நூறாண்டு கடந்த கலை, வரலாற்றுப் பொருளையும், எழுபத்தைந்து ஆண்டு கடந்த மதிப்புள்ள ஆவணத்தையும் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது என்று 1972-ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. நாட்டை விட்டுப் போவதைத் தடுக்கச் சட்டம் உண்டு. நினைவை விட்டுப் போவதை வீட்டார்தாம் தடுக்க முடியும்.

ஆகவே நம் வட்டத்தின் முன் ஒரு வேண்டுகோளை வைக்கிறேன். அருங்காட்சியகம் கட்டச் சொல்லவில்லை. யார் வீட்டுப் பொருளையும் வாங்கச் சொல்லவில்லை. பொருள் அந்தந்த வீட்டிலேயே இருக்கட்டும். அடுத்த பத்தாண்டில் நாம் ஒவ்வொருவரும் நம் ஊரில் இரண்டு வீட்டுப் படி ஏறுவோம். பதக்கத்தின் விளிம்பை ஒரு விளக்கருகே பிடித்துப் படிப்போம். படை எண், பெயர், ஊர், சேர்ந்த ஆண்டு, திரும்பிய ஆண்டு, திரும்பாதவரானால் அதுவும், இவற்றை ஒரு குறிப்பேட்டில் எழுதுவோம். அந்தச் சட்டையைப் பற்றி வீட்டு மூதாட்டி என்ன சொன்னார் என்பதை அவர் சொன்ன சொல்லிலேயே எழுதுவோம். கம்பளியைத் துவைக்க வேண்டாம், பதக்கத்தைப் புளி போட்டுத் தேய்க்க வேண்டாம் என்று சொல்லிவிட்டு வருவோம். தொல்காப்பியர் மூன்றாம் நிலையாக நீராட்டச் சொன்னாரே என்று யாரேனும் கேட்டால், அது கல்லுக்குச் சொன்னது, கம்பளிக்கு அன்று என்று விடை கூறலாம்.

நாம் கவிஞர்கள். வீரனைப் பற்றி எழுத உட்கார்ந்தால் நேரே ஆறாம் நிலையாகிய வாழ்த்துக்குப் போய்விடுகிறோம். கல்லைத் தேடாமல், நிறுத்தாமல், பெயரும் பீடும் எழுதாமல் வாழ்த்துகிறோம். அதனால்தான் நம் வீரவணக்கக் கவிதைகளில் வீரன் இருக்கிறான். இன்னார் மகன் இன்னான் இல்லை. முதல் நிலையின் பெயர் காட்சி. போய்க் காண வேண்டும். அதற்குப் பரண் மீது ஏற ஓர் ஏணியும், கையில் ஒரு பென்சிலும் போதும். இருபதாம் ஆண்டு மலர் வெளிவரும்போது அதில் பெயர்ப் பட்டியல் ஒன்று இருக்குமானால், அதன் அருகே அச்சாகும் கவிதைகளுக்கு அது வலிமை தரும்.