குரங்குகளும் பண்டமாற்றும்

பண்டமாற்று மனிதனுக்கே உரியது என்பது 1776-இல் ஆடம் ஸ்மித் கொண்ட கருத்து. நாய்கள் எலும்பை மாற்றிக்கொள்வதில்லை என்பதே அவர் காட்டிய சான்று. பொருளியல் பயின்ற அவையோர் இதனை அறிவர். இந்தோனேசியாவின் பாலித் தீவில், கடலோரக் குன்றின்மீதுள்ள உலுவாட்டு கோயில் குரங்குகளைக் கண்டிருந்தால் அவர் சற்றுத் தயங்கியிருப்பார்.

நீள்வால் குரங்குகளாகிய இவை பயணிகளின் மூக்குக்கண்ணாடி, தொப்பி, கைப்பேசி ஆகியவற்றைப் பறிக்கின்றன. கோயில் ஊழியர் தின்பண்டம் நீட்டினால் திருப்பித் தருகின்றன. 2021-இல் வெளியான ஆய்வின்படி இது கற்றுத் தேறிய வித்தை. நான்கு வயதுக்குட்பட்ட குட்டிகளுக்குப் பொருள்களின் தராதரம் தெரிவதில்லை. வளர்ந்தவையோ உரியவர் பெரிதும் மதிக்கும் பொருளையே நாடுகின்றன. அதற்குக் கூடுதலான அல்லது தமக்குப் பிடித்த உணவு கிடைக்கும்வரை எளிதில் விடுவதில்லை.

கைப்பேசியால் குரங்குக்கு யாதொரு பயனும் இல்லை. அதன் மதிப்பு முழுவதும் இழந்தவரின் தவிப்பில் இருக்கிறது. இதனை வாணிபம் என்பது பொருந்துமா? பறித்தபின் பேசும் பேரத்தை மீட்புப்பணம் என்பதே முறை. ஊழியர் கொடுக்க மறுத்தால் பொருள் பாழாகிறது. கொடுத்தாலோ, அருகிலிருக்கும் குட்டி அதனைப் பார்த்துக்கொண்டிருக்கிறது.