கார்வேட்டிநகரம்: மரபுச் செல்வம் யாருக்கு?

(சுற்றுலாவும் மக்கள் வாழ்வுரிமையும் குறித்து ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

திருமலைக்கு நாள்தோறும் 60,000 முதல் 80,000 பேர் வருகின்றனர். திருப்பதியிலிருந்து சுமார் 50 கிலோமீட்டர் தொலைவில் உள்ள கார்வேட்டிநகரத்தை அவர்களில் பெரும்பாலோர் அறியமாட்டார்கள். வேணுகோபால சுவாமி கோயில், கந்த புஷ்கரணி என்னும் பெரிய குளம், பழைய அரண்மனையின் எச்சங்கள் ஆகிய அனைத்தும் கொண்ட இவ்வூர் எந்தப் பெரிய சுற்றுலாத் திட்டத்தின் மையத்திலும் இடம்பெறவில்லை. இங்கு முதலீடு வேண்டும் என்ற கோரிக்கை நியாயமானது. ஆனால் யாருடைய பணம், யாருடைய கட்டுப்பாட்டில், யாருடைய நலனுக்காக என்ற கேள்விகளுக்கு விடை கண்ட பிறகே அக்கோரிக்கையை நாம் முன்வைக்க வேண்டும்.

கார்வேட்டிநகரம் பழைய வட ஆற்காடு மாவட்டத்தின் பெரிய ஜமீன்களில் ஒன்றாக விளங்கியது. திருத்தணியும் அந்த ஜமீனைச் சேர்ந்ததே. 1911இல் சித்தூர் மாவட்டம் உருவானது. 1960 ஏப்ரல் 1 அன்று எல்லை திருத்தப்பட்டபோது திருத்தணி சென்னை மாநிலத்திற்கு வந்தது; கார்வேட்டிநகரம் ஆந்திரத்தில் நின்றது. ஆயினும் எல்லையின் இருபுறமும் தமிழும் தெலுங்கும் கலந்து பேசும் உழைக்கும் மக்களின் வாழ்வு ஒன்றாகவே இருந்து வருகிறது.

இந்த வரலாற்றை மன்னர் பெருமையாக மட்டும் பயணிகளுக்குச் சொல்வது பாதி உண்மையைச் சொல்வதாகும். ஜமீன் மாளிகைகளை எழுப்பியது உழவர் செலுத்திய வரியும் அவர்களது உழைப்புமே. சென்னை மாகாணம் முழுவதும் ஜமீன் உழவர்கள் நடத்திய நெடிய போராட்டங்களின் விளைவாகவே 1948ஆம் ஆண்டின் ஜமீன் ஒழிப்புச் சட்டம் வந்தது. இவ்வூர் அவையோடு தொடர்புடைய சாரங்கபாணி, வேணுகோபாலனைப் பாடிய தெலுங்குப் பதங்கள் இன்றும் நாட்டிய மேடைகளில் ஒலிக்கின்றன. அத்தகைய பதங்களைத் தலைமுறை தலைமுறையாகக் காத்தவர்கள் சமூகம் இழிவுபடுத்திய தேவதாசிப் பெண்கள். மரபு என்று நாம் சொல்லும்போது அவர்களையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

இன்றைய அரசுகளின் பாதை வேறு. ஒன்றிய அரசு 2015இல் தொடங்கிய மரபு நகர மேம்பாட்டுத் திட்டத்தில் நாடு முழுவதற்கும் 12 நகரங்களே இடம்பெற்றன. அத்திட்டமும் 2019இல் முடிந்துபோனது. மறுபுறம், 2017இல் அறிவிக்கப்பட்ட 'மரபைத் தத்தெடுத்தல்' திட்டத்தின்கீழ் தில்லி செங்கோட்டையின் பராமரிப்பு 2018இல் டால்மியா பாரத் குழுமத்திடம் ஒப்படைக்கப்பட்டது. அதே குழுமத்திற்கு ஆந்திரத்தின் கண்டிகோட்டையும் கிடைத்தது. வாரணாசியில் காசி விசுவநாதர் வளாக விரிவாக்கத்திற்காக ஏறத்தாழ 300 கட்டடங்கள் கையகப்படுத்தப்பட்டன. தலைமுறைகளாக வாழ்ந்த குடும்பங்களும் சிறு வணிகர்களும் இடம்பெயர நேர்ந்தது. புறக்கணிப்பு ஒரு தீமை. மக்களை அகற்றிவிட்டுச் செய்யும் அலங்காரம் மற்றொரு தீமை.

மாற்றுப் பாதை இல்லாமல் இல்லை. கேரளத்தில் இடது ஜனநாயக முன்னணி ஆட்சிக் காலத்தில் தொடங்கிய முசிறி மரபுத் திட்டம், பட்டணம் அகழாய்வையும் பழைய யூதத் தொழுகைக் கூடங்களையும் பாலியம் அரண்மனையையும் பொது நிதியில் ஒரே வலையமாக இணைத்தது. 2017இல் அமைக்கப்பட்ட பொறுப்புச் சுற்றுலா இயக்கம் உள்ளூர் உற்பத்தியாளர்களையும் மகளிர் குழுக்களையும் சுற்றுலா வருவாயோடு பிணைத்தது. குறைகள் அங்கும் உண்டு. எனினும் அரசு முன்நின்றால் என்ன செய்ய முடியும் என்பதை அது காட்டுகிறது.

கார்வேட்டிநகரத்துக்கு அருகிலேயே நகரி, புத்தூர் விசைத்தறிகளும் நாராயணவனத்து நெசவும் உள்ளன. சித்தூர் மாம்பழ உழவர்கள் 2025இல் விலை வீழ்ச்சியால் தவித்ததை நாம் கண்டோம். சுற்றுலா இவர்களது கூலிக்கும் விளைபொருள் விலைக்கும் மாற்றாகாது. அது கூடுதல் வருவாயாக மட்டுமே அமைய முடியும். அதுவும் நாம் போராடினால்தான்.

ஆகவே, தோழர்களே, நமது கோரிக்கைகள் இவை:

ஒன்று, மாநிலத் தொல்லியல் துறை இவ்வூரின் பழைய கட்டடங்களை முழுமையாக ஆய்வு செய்து பதிவு செய்ய வேண்டும். திட்டம் கிராம சபையில் வைக்கப்பட்டு ஒப்புதல் பெற வேண்டும்.

இரண்டு, முதல் பணம் குளத்துக்கும் வரத்துக் கால்வாய்களுக்கும் குடிநீருக்கும் கழிப்பிடங்களுக்கும் செல்ல வேண்டும். இவை பயணிகளுக்கு முன் ஊராருக்குத் தேவையானவை.

மூன்று, ஒரு வீட்டையும் ஒரு தெருக்கடையையும் அகற்றக் கூடாது. 2014ஆம் ஆண்டின் தெரு வணிகர் சட்டம் முழுமையாக நடைமுறைப்படுத்தப்பட வேண்டும்.

நான்கு, தங்குமிடம், உணவகம், துணி விற்பனை ஆகியவை நெசவாளர் கூட்டுறவுகளுக்கும் மகளிர் குழுக்களுக்கும் வழங்கப்பட வேண்டும். வேலைக்கு அமர்த்தப்படுவோருக்குச் சட்டப்படியான குறைந்தபட்ச ஊதியம் உறுதி செய்யப்பட வேண்டும்.

ஐந்து, ஆண்டுக்கு 5,000 கோடி ரூபாய்க்கு மேல் வரவு செலவுத் திட்டம் வகுக்கும் திருமலை திருப்பதி தேவஸ்தானத்தின் பொறுப்பில்தான் இவ்வூர் வேணுகோபால சுவாமி கோயிலும் உள்ளது. கோயிலைச் சூழ்ந்த ஊரின் அடிப்படை வசதிகளுக்கும் அது பங்களிக்க வேண்டும். திருப்பதியிலிருந்தும் திருத்தணியிலிருந்தும் கூடுதல் அரசுப் பேருந்துகள் இயக்கப்பட வேண்டும்.

பழைய சுவர்களைப் பாதுகாப்போம். அச்சுவர்களின் நிழலில் வாழும் மக்களை அதற்கு முன் பாதுகாப்போம். எல்லையின் இருபுறமும் உள்ள நமது கிளைகள் இக்கோரிக்கைகளை வீடு வீடாகக் கொண்டு செல்லட்டும்.