குருதி உரைப்பதும் உரையாததும்

(வெள்ளி விழாக் கருத்தரங்கில் ஆற்றப்பட்ட உரை)



கல்விக் கழகத்தின் வெள்ளி விழாவில் மூளைக் கட்டியைப் பற்றிப் பேசுவதேன் எனச் சிலர் வியக்கக் கூடும். தேர்வில் பெறும் எண் மட்டுமே கல்வி ஆகாது. மருத்துவமனையில் ஒரு தாளைக் கையில் கொடுத்தால், அதன் பொருள் யாது எனக் கேட்டறியும் துணிவும் கல்வியே ஆகும். பண்டிதர் அயோத்திதாசர் சித்த மருத்துவர். 1907-ஆம் ஆண்டில் இதழ் தொடங்கிய எழுத்தாளரும் அவரே. மருத்துவமும் எழுத்தறிவும் ஒன்றையொன்று பிரியாத மரபு நம்முடையது.

‘மூளையில் கட்டி’ என்ற சொல்லைக் கேட்டதும் நம் வீடுகளில் அழுகுரல் எழுகிறது. சிலர் பேய் பிடித்ததென்பர். சிலர் விதி என்பர். பிறகு ஒரு குழாய்க் குருதியை எடுத்துச் சோதித்து, அதில் கண்ட எண்ணைக் கொண்டு ‘இனி எத்தனை நாள்’ என்று கேட்கத் தொடங்குகின்றனர். குருதி எதைச் சொல்லும், எதைச் சொல்லாது என்பதை விளக்குவதே இவ்வுரையின் நோக்கம்.

இந்தியாவின் முதல் நரம்பியல் அறுவை மருத்துவத் துறை நம் மலையிலிருந்து இறங்கினால் எட்டும் வேலூரில், கிறித்தவ மருத்துவக் கல்லூரியில், 1949-ஆம் ஆண்டு டாக்டர் ஜேக்கப் சாண்டி அவர்களால் தொடங்கப்பட்டது. நாடு முழுவதிலுமிருந்து மக்கள் நாடி வரும் அறிவு நம் அடிவாரத்திலேயே இருக்கிறது. அதை நாம் அறிந்திருக்க வேண்டாமா?

முதலில் குருதி தெளிவாகப் பேசும் இடங்களைக் காண்போம். மூளையின் அடியில் பிட்யூட்டரி என்னும் சிறு சுரப்பி உள்ளது. அதில் தோன்றும் ஒருவகைக் கட்டி, பால் சுரக்கச் செய்யும் புரோலாக்டின் என்னும் பொருளை மிகுதியாக வெளியிடும். மாதவிலக்கு நின்று, பிள்ளை பெறாமலே மார்பில் பால் கசியும். இத்தகைய பெண்ணை ஊரார் ‘மலடி’ என்று ஏசுவதுண்டு. குருதியில் புரோலாக்டின் அளவு 200 நானோகிராமைத் தாண்டினால், இக்கட்டியே காரணம் என்ற ஐயம் வலுப்படும். இவர்களுள் பெரும்பாலோர்க்கு மண்டையைத் திறக்க வேண்டியதில்லை. காபர்கோலின், புரோமோகிரிப்டின் போன்ற மாத்திரைகளாலேயே கட்டி சுருங்கும். ஏச்சுக்குரியவளாகக் கருதப்பட்டவள் மருந்துக்குரியவள் என்பதை ஒரு குருதிச் சோதனை மெய்ப்பிக்கிறது.

இரண்டாவது, சிறுவர்க்கும் இளைஞர்க்கும் மூளையின் நடுப்பகுதியில் வரும் கருவணுக் கட்டிகள். இவற்றுள் சில, ஆல்பா ஃபீட்டோ புரதம், எச்.சி.ஜி. என்னும் பொருள்களைக் குருதியிலும் முதுகுத்தண்டு நீரிலும் கலக்கச் செய்யும். ஆல்பா ஃபீட்டோ புரதம் உயர்ந்திருந்தால் நோய் கடுமையானது. மருந்து, கதிர் இரண்டுமே வேண்டும். அது உயராத ‘ஜெர்மினோமா’ என்னும் வகையில், உரிய சிகிச்சை பெற்றவர்களுள் 100-க்கு 90 பேருக்கு மேல் நலம் பெறுகின்றனர். நோயின் பெயரையும் அதன் போக்கையும் குருதி சேர்த்தே உணர்த்தும் அரிய இடம் இது.

மூன்றாவது, குருதி அரைகுறையாகப் பேசும் இடம். பெரியவர்க்கு வரும் மூளைப் புற்றுகளுள் கொடியது கிளியோபிளாஸ்டோமா. குருதியின் வெள்ளணுக்களுள் நியூட்ரோபில் மிகுந்து லிம்போசைட் குறைந்திருந்தால் இந்நோயாளியின் ஆயுள் குறையக் கூடும் எனப் பல நாட்டு ஆய்வுகள் கூறுகின்றன. ஆனால் மூளை வீக்கத்தைத் தணிக்கக் கொடுக்கும் டெக்சாமெதசோன் என்னும் மருந்தே நியூட்ரோபிலை உயர்த்தி லிம்போசைட்டைக் குறைத்துவிடும். அப்படியாயின் அந்த எண் நோயைக் காட்டுகிறதா, மருந்தைக் காட்டுகிறதா?

நம் மலைக்கு இன்னொரு கேள்வியும் உண்டு. ஜவ்வாது மலைச் சிற்றூர்களில் நடந்து 2013-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், ஐவரில் ஏறத்தாழ இருவரிடம் கொக்கிப்புழு காணப்பட்டது. கொக்கிப்புழு குருதியை உறிஞ்சிச் சோகையை உண்டாக்கும். வெள்ளணுக்களின் கணக்கையும் மாற்றும். வேறு நாட்டாரின் குருதியில் கண்ட எண்ணை, புழுவும் பசியும் வாட்டும் நம் குருதியின்மேல் அப்படியே ஏற்றுதல் முறையாகாது. நம் மக்களையும், அவர்கள் இசைவு பெற்று, கணக்கில் சேர்த்த பிறகே அவ்வெண் நமக்கும் உரியதாகும்.

இந்நோயின் போக்கை இன்று உறுதியாகக் காட்டுவன வேறு. நோயாளியின் வயது, அவர் தம் வேலையைத் தாமே செய்துகொள்ளும் நிலை, கட்டி எவ்வளவு அகற்றப்பட்டது என்பவை அவை. எடுத்த சதையில் காணும் ஐ.டி.எச்., எம்.ஜி.எம்.டி. என்னும் மரபணுக் குறிகளும் அவற்றோடு சேரும். உலக நலவாழ்வு நிறுவனம் 2021-இல் வெளியிட்ட வகைப்பாடு இம்மரபணுக் குறிகளுக்குப் பேரிடம் அளித்துள்ளது. மூளைக்கும் குருதிக்கும் இடையே உள்ள இயற்கைத் தடுப்பு, கட்டியின் துகள்கள் குருதியில் இறங்குவதைக் குறைக்கிறது. ஆதலால் சதைச் சோதனையின் இடத்தைக் குருதிச் சோதனை இன்னும் பெறவில்லை.

எண்களைப் படிக்கவும் பழக வேண்டும். 2005-இல் வெளிவந்த புகழ்பெற்ற ஆய்வில், கதிர் மட்டும் பெற்றோரின் இடைநிலை ஆயுள் 12.1 மாதம், டெமோசோலமைடு மருந்தும் சேர்த்துப் பெற்றோர்க்கு 14.6 மாதம். இடைநிலை என்றால் பாதிப்பேர் அதற்கு மேலும் வாழ்ந்தனர் என்பது பொருள். மருந்து சேர்த்துப் பெற்றோருள் ஏறத்தாழ பத்தில் ஒருவர் ஐந்தாண்டும் கடந்தார். கொடிய நோய்தான், ஆயினும் ஒருவருக்கு நாள் குறிக்கும் சீட்டாக இவ்வெண்ணைக் கொள்ளலாகாது.

இனி, புற்றே அல்லாத ‘கட்டி’ ஒன்றைச் சொல்ல வேண்டும். வலிப்பு வந்தவரின் தலையைப் படம் பிடித்தால் சிறு முடிச்சு ஒன்று தெரியும். முன்பு இந்நாட்டில் இதைக் காசநோய்க் கட்டி எனப் பெரும்பாலும் எண்ணினர். அவற்றுட் பல, நாடாப்புழுவின் இளநிலைப் பையே என்பதை வேலூர் மருத்துவர்கள் 1989-இல் எடுத்துக்காட்டினர். வேலூர் வட்டாரத்தில் நடந்து 2006-இல் வெளிவந்த ஆய்வில், தொடர்வலிப்பு உடையோருள் ஏறத்தாழ மூன்றில் ஒருவர்க்கு இதுவே காரணம். இதற்கும் குருதிச் சோதனை உண்டு. பைகள் பலவாயின் நன்கு காட்டும். ஒன்றே ஒன்றாயின் பல வேளை காட்டாது. ஆகவே ‘குருதியில் ஒன்றுமில்லை’ என்ற சொல்லை மட்டும் நம்பித் திரும்பலாகாது. உரிய மருந்தால் இந்நோயாளருள் மிகப் பலர் நலமடைகின்றனர்.

இந்நோயைச் சொல்லி, பன்றி வளர்ப்போரையும் உண்போரையும் இழிவுசெய்வாருண்டு. அறிவியல் கூறுவது வேறு. சரியாக வேகாத பன்றி இறைச்சியால் குடலில் நாடாப்புழு வரலாம். மூளையில் பை உண்டாவதோ, மனித மலத்தில் வெளிப்படும் புழு முட்டை கை வழியாகவும் நீர் வழியாகவும் வாய்க்குள் செல்வதால். பன்றி இறைச்சியைத் தொடாத யூதக் குடும்பத்தினர்க்கும் நியூயார்க் நகரில் இந்நோய் வந்ததை 1992-இல் மருத்துவ இதழ் பதிவு செய்தது. குற்றம் நம் உணவில் இல்லை. கழிப்பறையும் தூய நீரும் தராத ஏற்பாட்டில் இருக்கிறது.

நாம் செய்யத்தக்கது யாது? விடியற்காலைத் தலைவலியும் வாந்தியும், புதிதாக வந்த வலிப்பு, பார்வை மங்கல், ஒரு பக்கக் கை கால் தளர்ச்சி ஆகியவற்றைக் கண்டால் காலம் தாழ்த்தாது மருத்துவரிடம் செல்க. கட்டியின் பெயர் என்ன, அதை எச்சோதனை கொண்டு உறுதி செய்தீர்கள், அடுத்த சிகிச்சை எது என்னும் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். எல்லாத் தாள்களையும் ஒரே உறையில் காத்து வையுங்கள். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில், தகுதியுள்ள குடும்பத்துக்கு ஆண்டொன்றுக்கு 5 லட்சம் ரூபாய் வரை உதவி உண்டு. அட்டையை முன்னதாகவே பெற்று வையுங்கள்.

கழகத்திற்கும் ஒரு வேண்டுகோள். நம் பிள்ளைகளுள் செவிலியரும் ஆய்வுக்கூடப் பணியாளரும் மருத்துவரும் இன்னும் பெருக வேண்டும். பிறப்பைச் சொல்லிக் குருதியில் உயர்வு தாழ்வு கற்பித்த நாடு இது. சோதனைக் குழாயில் அந்தப் பிரிவினை இல்லை. அந்தக் குழாயைப் படிக்கும் கண்களும் நம்முடையவை ஆகும்போது, அஞ்சி ஒதுங்கும் மக்கள் கேட்டறியும் மக்களாவர்.