கூட்டாளியின் வாசல் வழியே

 

கடைத்தெருவில் கடை வைத்திருப்பவருக்குத் தெருவே பாதி விளம்பரம். புளி வாங்க வந்தவர் மிளகாயும் வாங்கிச் செல்வார். பாத்திரக் கடைக்கு வந்தவரின் கண் பக்கத்துத் துணிக்கடையிலும் விழும். இணையத்தில் கடை திறப்பவருக்கு இந்தத் தெரு வாய்ப்பதில்லை. தருமபுரியில் பட்டதாரிப் பெண் ஒருவர், வெங்காயமும் பூண்டும் சேராத சாம்பார்ப் பொடியையும் பருப்புப் பொடியையும் வீட்டில் தயாரித்து, வலைத்தளம் அமைத்து விற்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பொடி மணமாகவே இருக்கும். ஆனால் அப்படியொரு கடை இருப்பதை அறிந்தவர் எத்தனை பேர்? கட்டண விளம்பரம் செய்தால் ஆட்கள் வருவர்; கட்டணம் நின்ற மறுநாளே வரவும் மெலியும். நகையை அடகு வைத்தேனும் விளம்பரத்தைத் தொடரலாமா என்று இளையோர் தடுமாறும் இடம் இதுவே.

இதற்கு மாற்றாக உள்ள வழி கூட்டு. வாடிக்கையாளரின் நம்பிக்கையை முன்னரே பெற்றுவிட்ட மற்றொருவரின் வாசல் வழியாக அவர்களைத் தம் கடைக்கு அழைத்து வருவது. வணிகருக்கு இது புதிதன்று. சுமத்திரா தீவின் பரூஸ் பகுதியில் கிடைத்த 1088ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு, திசையாயிரத்து ஐந்நூற்றுவர் என்னும் வணிகக் குழுவைக் குறிப்பிடுகிறது. கடல் கடந்த ஊரில் தனி வணிகன் ஒருவனை அறிந்தவர் இல்லாதிருக்கலாம். குழுவின் பெயரை அறிந்தவர் இருந்திருப்பர்.

அவ்வளவு தொலைவு செல்லவும் தேவையில்லை. இம்மாவட்டத்திலேயே, அரூரை அடுத்து, கல்வராயன் மலைக்கும் சித்தேரி மலைக்கும் இடையே சிட்லிங்கிப் பள்ளத்தாக்கு இருக்கிறது. மருத்துவர்களான ரெஜி ஜார்ஜும் லலிதா ரெஜியும் 1993இல் அங்கே பழங்குடியினருக்கான மருத்துவப் பணியைத் தொடங்கினர். பின்னர் அதே பள்ளத்தாக்கில் இயற்கை உழவர்களின் சங்கம் உருவாயிற்று. முதிய பெண்கள் சிலரிடம் மட்டுமே எஞ்சியிருந்த லம்பாடிப் பூத்தையலை மீட்கும் முயற்சி, 'போர்கை' என்ற பெயரில் 2006இல் தொடங்கியது. லம்பாடி மொழியில் அச்சொல்லுக்குப் பெருமிதம் என்று பொருள். மருத்துவமனையைப் பற்றிக் கேள்விப்பட்டவர் சிறுதானியத்தையும் அறிகிறார். சிறுதானியம் வாங்கியவர் பூத்தையலையும் காண்கிறார். மூன்றும் வெவ்வேறு பணிகள். ஒன்றின் வாடிக்கையாளரை மற்றொன்று பறிக்கவில்லை. நாடி வரும் மனிதர் மட்டும் ஏறத்தாழ ஒரே மனப்பாங்கினர். கூட்டாளியைத் தேர்வதற்குரிய இலக்கணம் முழுவதும் இதில் அடங்கியிருக்கிறது.

ஆகவே பொடி விற்கும் பெண் இன்னொரு பொடிக்காரரைத் தேடிச் செல்வதில் பயனில்லை. செக்கு நல்லெண்ணெய் விற்பவர், தலயாத்திரை நடத்துபவர், திருமணச் சமையல் ஒப்பந்தக்காரர், சைவச் சமையற்குறிப்புக் காணொளி வெளியிடும் அம்மையார் ஆகியோரே அவருக்கு ஏற்றவர்கள். எண்ணெய்ப் பொட்டலத்துக்குள் பொடியின் மாதிரிப் பை ஒன்று செல்லலாம். பொடிப் பொட்டலத்துக்குள் எண்ணெய்க்கடையின் சீட்டு செல்லலாம். செலவு சிறிது, அதனைப் பிரிப்பவரோ உண்மையில் சமைப்பவர்.

பணம் கைமாறும் கூட்டும் உண்டு. அமேசான் நிறுவனம் 1996ஆம் ஆண்டிலேயே, பிறர் தம் வலைப்பக்கங்கள் வழியாக ஆளை அனுப்பி விற்பனை நடந்தால் தரகு தரும் திட்டத்தைத் தொடங்கிவிட்டது. எட்டிப்பார்த்தவருக்கெல்லாம் கூலி இல்லை, விற்றால்தான் தரகு என்ற இவ்வேற்பாடு சிறு கடைக்குப் பாதுகாப்பானது. கூட்டாளி ஒவ்வொருவருக்கும் தனித்தனித் தள்ளுபடிக் குறியீடு கொடுத்துவிட்டால், யார் வழியாக யார் வந்தார் என்பது தானே தெரிந்துவிடும். ஒருவர் ஆயிரம் பேரை அனுப்பி அவர்களுள் மூவர் வாங்குவதும், மற்றொருவர் நாற்பது பேரை அனுப்பி அவர்களுள் பதினைவர் வாங்குவதும் நேரக்கூடியவையே. வருகை எண்ணிக்கையைக் கண்டு மயங்குவோர் முதலாமவரையே கொண்டாடுவர். மறுமுறை வாங்கியவர் எத்தனை பேர் என்ற கணக்கு இன்னும் முக்கியமானது. அதைப் பெரும்பாலோர் எழுதி வைப்பதே இல்லை. தரகு எவ்வளவு, எந்த நாளில் தருவது, திருப்பி அனுப்பப்பட்ட சரக்குக்குத் தரகு உண்டா என்பவற்றை உறவினரானாலும் முன்கூட்டியே எழுதிக்கொள்ள வேண்டும். உறவினரானால் கட்டாயம் எழுதிக்கொள்ள வேண்டும் என்பதே சரி!

தரகு பெற்றுப் பரிந்துரைப்பவர் அதை மறைத்தல் கூடாது. விளம்பரத் தர நிர்ணய மன்றமான ஆஸ்கி 2021இலும், மைய அரசின் நுகர்வோர் துறை 2023இலும் இதற்கான வழிகாட்டுதல்களை வெளியிட்டுள்ளன. தவறான விளம்பரத்துக்கு 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி 10 இலட்சம் ரூபாய் வரையிலும், மீண்டும் செய்தால் 50 இலட்சம் வரையிலும் தண்டம் விதிக்கலாம். சிறிய சமூகத்தில் தண்டத்தைவிடப் பேச்சு வேகமாகப் பரவும் என்பதும் உண்மையே.

இன்னொன்றை இந்த அவையில் சொல்லியே ஆகவேண்டும். கூட்டு என்றதும் சிலர் முதலில் கேட்பது சங்கத்தின் தொலைபேசிப் பட்டியலை. விழா அழைப்புக்கென்றும் யாத்திரைக்கென்றும் குடும்பங்கள் கொடுத்த எண்கள் அவை. ஒரு காரியத்துக்கென இசைந்து தந்த விவரத்தை மற்றொன்றுக்குப் பயன்படுத்துவதைத் தடுக்கவே 2023ஆம் ஆண்டு எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டது. பொடிக்கடையின் அறிவிப்பை விழாப் பந்தலில் பலகையாக வைக்கலாம். மலரில் கட்டணம் செலுத்தி வெளியிடலாம். விரும்புவோர் தாமே வந்து தம் எண்ணை எழுதித் தர ஒரு குறிப்பேட்டையும் அங்கே வைக்கலாம். இருநூறு எண்கள் உள்ள பட்டியலுக்குப் பதில் அந்தக் குறிப்பேட்டில் இருபதே சேரலாம். கடையை அந்த இருபதிலிருந்து தொடங்கட்டும்.