தண்டப்பணம் கட்டாத குற்றம்



மட்டக்களப்புச் சிறைச்சாலை என்றால் எங்கள் பெரியவர்களுக்கு 1983 செப்டம்பர் 23 இரவுதான் ஞாபகம் வரும். வெலிக்கடைச் சிறைப் படுகொலையில் உயிர்தப்பி அங்கே கொண்டுவரப்பட்ட தமிழ் அரசியல் கைதிகள் சிறையை உடைத்துக்கொண்டு வெளியேறிய இரவு. அந்தக் கதையைக் கேட்டு வளர்ந்தவன் நான். இன்றைக்கு அந்த மதிலுக்குள் யார் இருக்கிறார்கள் என்பதைப் பனிச்சங்கேணிப் பாலத்தடியில் விடியற்காலை பஸ்ஸுக்கு நின்றபோதுதான் அறிந்தேன்.

பக்கத்தில் ஒரு பெண். கையில் சொப்பிங் பை. உள்ளே இரண்டு சவர்க்காரம், ஒரு பற்பசை, மடித்த சாரம். சேலையைப் பிடித்தபடி தூக்கக் கலக்கத்தில் சின்ன மகள்.

"எங்க புள்ள, வெள்ளனவே?"

"மறியலுக்கு அண்ணன். அவரப் பாக்க."

புருஷன் வாவியில் இறால் பிடிப்பவர். கசிப்புச் சாராயத்தோடு பிடிபட்டார். தண்டப்பணம் விதித்தார்கள். கட்டக் காசில்லை, உள்ளே போய்விட்டார். "அவரு வெளிய நிண்டாத்தானே அண்ணன் உழைச்சுக் கட்டுவாரு?"

கசிப்புக்கு நான் வக்காலத்து வாங்க வரவில்லை. அது எத்தனை குடும்பங்களைத் தின்றது என்று இந்தக் கரையில் எல்லோருக்கும் தெரியும். ஆனால் நீதிமன்றம் அந்த மனிதருக்கு விதித்தது காசு, சிறையல்ல. காசுள்ளவர் அங்கேயே கட்டிவிட்டு மத்தியான பஸ்ஸில் வீடு திரும்புவார். இல்லாதவர் அதே குற்றத்துக்கு மறியல் போகிறார். வீட்டில் வலை காய்கிறது, கடைக்கடன் ஏறுகிறது.

இவர் ஒருவர் கதையல்ல இது. 2023 நத்தாருக்கு ஜனாதிபதி 1,004 கைதிகளுக்குப் பொதுமன்னிப்பு அளித்தார். அவர்களிலும் தண்டப்பணம் கட்ட வழியில்லாமல் உள்ளே இருந்தவர்கள் இருந்தார்கள். ஏறத்தாழ 11,000 பேருக்கான நம் நாட்டுச் சிறைகளில் அப்போது கிட்டத்தட்ட 30,000 பேர். பாதிக்கும் மேலானோர் விளக்கமறியல்காரர், இன்னும் தீர்ப்பே வராதவர்கள்.

அமெரிக்காவிலும் இதே நோய்தான். அங்கே சுமார் 20 இலட்சம் பேர் சிறையில். உள்ளூர்ச் சிறைகளில் இருப்போரில் பெரும்பாலானோர் வழக்கு முடியாதவர்கள், பிணைக்காசு புரட்ட முடியாத ஏழைகள் அவர்களில் ஏராளம். இலினோய் மாநிலம் மட்டும் 2023 செப்டம்பரில் காசுப் பிணையையே முழுதாக ஒழித்தது. அங்கே இப்போது ஒருவரைத் தடுத்துவைக்க, அவரால் ஆபத்து உண்டா, தப்பி ஓடுவாரா என்றுதான் நீதிபதி பார்க்க வேண்டும். அவர் மடிச்சீலையைப் பார்க்க முடியாது.

நம் சட்டத்திலும் வழி இல்லாமலில்லை. தண்டப்பணத்துக்குக் கால அவகாசம் கேட்கலாம், பகுதி பகுதியாகக் கட்ட அனுமதி கேட்கலாம். சிறைக்குப் பதிலாகச் சமுதாய வேலை கொடுக்க 1999ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. கேட்க வேண்டும் என்று தெரியாமலே எத்தனையோ பேர் கூண்டில் தலைகுனிந்து நின்றுவிட்டுப் போகிறார்கள். உங்கள் அயலில் யாருக்காவது வழக்கென்றால், நீதிமன்றத்துக்குப் போகுமுன்பே இதைச் சொல்லிவிடுங்கள்.

அன்றைக்கு எனக்கு இது தெரியாது. வாழைச்சேனை தாண்டும்வரை அந்தப் பிள்ளை என் தோளில் சாய்ந்து தூங்கிக்கொண்டு வந்தாள். தாய்க்குச் சொல்ல என்னிடம் ஒன்றும் இருக்கவில்லை.