பழைய செடிப் படங்கள்



போளூர், ஆரணிப் பக்கத்து நெசவுக்காரப் பெரியவங்க யாராவது சாயவேர் என்று சொல்லிக் கேட்டிருப்பீங்க. கடலோர மணலில் தரையோடு படர்கிற சின்னச் செடி. மேலே பார்த்தால் களை மாதிரிதான் இருக்கும். சரக்கெல்லாம் வேரில் இருக்கிறது. பருத்தித் துணிக்குச் சிவப்பேற்றியது அந்த வேர்தான். 1868-ல் ஜெர்மனி ரசாயனக்காரர்கள் அதே சாயப்பொருளைச் செயற்கையாகச் செய்தார்கள். பிறகு வேரைத் தோண்டுகிறவர்கள் குறைந்துபோனார்கள்.

இந்தச் செடியை அதற்கு வெகு முன்பே ஒருவர் படமாக எழுதி வைத்தார். 1776-ல் சென்னைக்கு வந்த ராக்ஸ்பர்க் என்ற டாக்டர், சோழமண்டலக் கரைச் செடிகளை நம்ம நாட்டு ஓவியர்களைக் கொண்டு வரையச் செய்தார். 1795 முதல் 1820 வரை அவை 300 படங்களாக லண்டனில் மூன்று தொகுதிகளில் அச்சாயின. சாயவேரும் அதில் உண்டு. டாக்டர் பேர் நின்றது, வரைந்தவர் பேர் நிற்கவில்லை. எனக்கு இது வருத்தம்தான்.

அடுத்து வந்த ராபர்ட் வைட் கொஞ்சம் பரவாயில்லை. 1842 முதல் கோயம்புத்தூர்ப் பக்கம் அமெரிக்கப் பருத்தியைப் பயிரிட்டுப் பார்க்கும் வேலை இவர் பொறுப்பில் இருந்தது. இன்னொரு பக்கம் செடிப் படங்களைச் சென்னையில் கல்லச்சில் அடித்தார். 1840 முதல் 1853 வரை ஆறு தொகுதி, 2,100-க்கு மேல் படங்கள். ரங்கையா, கோவிந்து என்று வரைந்தவர் பேரும் படத்திலே விழுந்தது. 1853-ல் ஓர் ஆர்க்கிட் இனத்துக்கே கோவிந்துவின் பேரை வைத்தார் வைட். பின்னாளில் அந்த இனம் வேறொன்றில் சேர்ந்துபோனதால் அந்தப் பேர் இன்று வழக்கில் இல்லை.

அந்தப் படங்களை உற்றுப் பாருங்க. நடுவில் பூவும் இலையுமாக ஒரு கிளை. அடியில் பூவை அறுத்துப் பெரிதாக்கிக் காட்டியிருக்கும். மகரந்தப் பை, சூலகம், காய், விதை என்று தனித்தனியாக இருக்கும். காகிதத்தில் அமுக்கிக் காயவைத்த செடி நிறம் மங்கிவிடும், பூ நசுங்கிவிடும். படத்தில் அது அப்படியே இருக்கும். இலை ஒன்றுபோல இருக்கிற செடிகள் ஏராளம். பூவும் காயும்தான் ஆளைக் காட்டிக் கொடுக்கும்.

நமக்கும் இதிலே வேலை இருக்கு. கடலைக் கொல்லையில் தெரியாத களை வந்தால் நாலு இலையைக் கிள்ளிக்கொண்டு வேளாண்மை ஆபீசுக்குப் போவோம். வாடிப்போன அந்த இலையை வைத்து அதிகாரி என்ன சொல்ல முடியும்? வேரோடு பிடுங்குங்க. பூத்தது ஒன்று, காய்த்தது ஒன்று இருக்கட்டும். மண்ணை உதறிப் பழைய செய்தித்தாள் நடுவிலே வைத்து எடுத்துப் போங்க. எந்த மண், எந்த மாதம், பறித்தபோது பூ என்ன நிறம், நம்ம ஊரில் அதற்கு என்ன பேர் என்று ஒரு சீட்டில் எழுதிவிடுங்க. கைப்பேசியில் படம் எடுத்தால் முழுச் செடி ஒன்று, பூ பக்கத்தில் ஒன்று, இலையின் அடிப்புறம் ஒன்று, வேர் ஒன்று என்று நாலாவது எடுங்க.