கலக்கும் கைப்பக்குவம்

குடுமியான்மலை போன்ற புதுக்கோட்டை மாவட்டத்துச் சிற்றூர்களில், மழைக்குப் பின் ஊருணியில் மொண்ட நீர் செம்மண் நிறத்தில் கலங்கியிருப்பதும், தேற்றாங்கொட்டையோ படிகாரமோ அதைத் தெளியச் செய்வதும் நேயர்கள் அறிந்தவையே. ஆயினும், தெளிவு போடும் பொருளால் மட்டும் வருவதன்று, கலக்கும் வேகத்தாலும் வருவது என்பதை மறந்து, கலங்கல் மிகுந்தால் படிகாரத்தை அள்ளிப் போட்டு விரைந்து சுழற்றுவதே இன்று வழக்கமாகிவிட்டது.

களிமண் நுண்துகள்கள் நீரில் எதிர்மின்சுமை ஏற்று ஒன்றையொன்று விலக்குவதால், நாள்கணக்கில் படியாமல் மிதக்கின்றன. படிகாரம் அந்தச் சுமையைத் தணித்து அவற்றை ஒட்டவைக்கிறது. கலித்தொகைக் காலந்தொட்டே பேசப்படும் தேற்றாங்கொட்டையின் வழி வேறு, அழகும் மிகுந்தது. மண்பானையின் சொரசொரப்பான உட்புறத்தில் அதை இழைக்கும்போது கரைந்திறங்கும் நீண்ட சங்கிலி மூலக்கூறுகள், ஒரு துகளைப் பற்றிய முனையை விடாமலே மறுமுனையால் இன்னொன்றைப் பற்றி, இரண்டுக்கும் பாலமாகின்றன. இப்பாலம் அமையத் துகள்கள் சந்திக்க வேண்டும். சந்திக்க, நீர் அசைய வேண்டும்.

அந்தச் சந்திப்பின் கணக்கை இயற்பியலாளர் ஸ்மொலுகோவ்ஸ்கி 1917இல் வகுத்தார். மைக்ரான் அளவுக்குக் குறைந்த துகள்கள் தம் வெப்ப அசைவாலேயே மோதிக்கொள்ள, அதனினும் பெரியவற்றைக் கலக்குதலே மோதச்செய்கிறது. துகளின் விட்டம் இருமடங்கானால் மோதும் வாய்ப்பு எண்மடங்காகிறது. ஆகவே திரள் ஒருமுறை தொடங்கிவிட்டால் வேகம் தேவையில்லை. மீண்டும் சொல்வதானால், திரள் தொடங்கிய பின் வேகம் தேவையில்லை. வேகமே அதற்குப் பகை. அடுத்தடுத்த நீரடுக்குகளின் வேக வேறுபாடு, அதாவது திசைவேகச் சரிவு, கூடும்போது பஞ்சுபோன்ற திரள் கிழிபடுகிறது. கொட்டையின் சங்கிலிகளும் அறுபடுவதால், சிதறியது முன்போல் உறுதியாக ஒட்டுவதில்லை. வெண்ணெய் திரளும் வேளையில் தாழியை உடைக்கும் செயல் அது.

காம்ப், ஸ்டைன் என்னும் ஆய்வாளர்கள் 1943இல் இச்சரிவை வடிவமைப்புக்குரிய அளவுகோலாக்கினர். சுத்திகரிப்பு நிலையங்களில் மருந்து பரவும் வரை, ஏறத்தாழ ஒரு நிமிடம், வினாடிக்கு 700 முதல் 1000 வரையிலான சரிவில் கடுங்கலக்கலும், பின்னர் 20 முதல் 30 நிமிடம், 20 முதல் 70 வரையிலான சரிவில் மென்கலக்கலும் நடப்பது பொதுவழக்கம். இரண்டாம் கட்டத்திலும் வேகத்தைப் படிப்படியாகத் தணிப்பதே சிறப்பு. முதலில் விறுவிறுவென்று, பிறகு மெல்ல, அதன்பின் இன்னும் மெல்ல. பானைக்குள் கையை விட்டு நாலு சுற்றுச் சுற்றி, பின் அகப்பைக் காம்பால் நிதானமாக அளைந்து, இரவெல்லாம் அசையாமல் வைத்த வீட்டுப்பெண்கள் இவ்வரிசையை எந்தக் கருவியுமின்றிக் கடைப்பிடித்தவர்கள். அவசரப்பட்டுப் படிகாரத்தைக் கூட்டுவோரினும் அவர்களே நுட்பம் அறிந்தவர்கள் எனலாம். அவ்வாறு தெளிந்த நீரை அடிவண்டல் எழாமல் இறுத்துக் காய்ச்சிய பின்பே குடிக்க வேண்டும், ஏனெனில் கொட்டை மண்ணைப் படிய வைத்தாலும் கிருமிகளை முற்றிலும் நீக்குவதில்லை.